மேடே இல்லாத ஊரிலிருந்து மலை மாரத்தானுக்கு

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வாழ்கிறவர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே பிறந்து, அதே உயரத்தில் வேலைக்குப் போய்த் திரும்புகிற நமக்கு, மலைச்சாலையில் 42.195 கிலோமீட்டர் ஓடும் ஆசை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒரு நாள் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் எண்ணூர் சாலையில் ஓடிப் பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

பரிசுக்காக ஓடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. நிற்காமல் 5 கி.மீ. ஓட முடிகிறவர், முயன்றால் 10 கி.மீ. தாண்டக்கூடியவர், மலையைப் பார்த்துக்கொண்டே ஓடி முடித்து நல்ல மனநிலையோடு வீடு திரும்ப நினைப்பவர் ஆகியோருக்காக எழுதுகிறேன். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: சமவெளிக்காரரை மலை வீழ்த்துவது பெரும்பாலும் இறக்கத்தில். ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் நடந்துவிடலாம். இறக்கத்துக்குப் பழகாத தொடை கடைசிப் பத்து கிலோமீட்டரில் மறுத்துவிட்டால் நடக்கவும் முடியாது. ஆகவே பயிற்சியில் சரிபாதிக் கவனம் இறங்குவதற்கு.

தொடங்கும் முன்

நாற்பது வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர், குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர் எல்லோரும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இதில் விவாதமே இல்லை.

அடுத்து நாள்காட்டி. 10 கி.மீ. ஓடும் நிலையிலிருந்து மலை மாரத்தானுக்கு இருபது வாரம் வேண்டும். ஜனவரி அல்லது பிப்ரவரியில் நடக்கும் பந்தயம் நமக்கு வசதி. ஆகஸ்ட், செப்டம்பரில் தொடங்கினால் கத்திரி வெயில் போயிருக்கும், நீண்ட ஓட்டங்கள் மார்கழிக் குளிரில் வந்து விழும். நடுவில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும். தெருவில் தண்ணீர் தேங்கிய நாளில் வீரம் காட்ட வேண்டாம். மூடியில்லாத சாக்கடை தண்ணீருக்கு அடியில் எங்கே இருக்கிறது என்று பிறந்து வளர்ந்தவருக்கே தெரியாது. அன்றைக்கு மாடிப்படி போதும்.

எந்தப் பந்தயம்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் பனிமூட்டப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். மூன்று விவரங்களைக் கேளுங்கள்: மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர், முடிக்க எத்தனை மணி நேரம் கொடுக்கிறார்கள், பாதை தாரா மண்ணா.

மொத்த ஏற்றம் என்பது வழியெல்லாம் ஏறிய உயரங்களின் கூட்டு. அதை வைத்து எளிதாக ஒரு கணக்குப் போடலாம். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த விதி இது: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். நடப்பவர்களுக்காகச் சொன்னதுதான் என்றாலும், 100 மீட்டர் ஏற்றம் சமதரையில் கூடுதலாக 800 மீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். 1,000 மீட்டர் ஏற்றமுள்ள மாரத்தான் உங்கள் உடம்புக்கு 50 கி.மீ. ஓடியதற்குச் சமம். மெரினா சாலையில் ஐந்து மணி நேரத்தில் முடிப்பவர் மலையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டும். அப்படியிருக்க, ஆறு மணி நேரத்தில் கடையைக் கட்டிவிடும் பந்தயத்தில் என்ன மகிழ்ச்சி இருக்கும்? எட்டு மணி நேரம் கொடுப்பதைத் தேடுங்கள். அகப்படாவிட்டால் அந்த ஆண்டு அரை மாரத்தான் ஓடுங்கள்.

உயரத்தையும் பாருங்கள். ஏலகிரி ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். இந்த உயரங்களில் மூச்சுக்குப் பெரிய தொல்லை இல்லை. ஊட்டி 2,200 மீட்டரைத் தாண்டும். அங்கே காற்று மெலிவது தெரியும். முதல் மலைக்கு ஊட்டி வேண்டாம் என்பது என் எண்ணம்.

மேடு தேடுதல்

சாலை மேம்பாலம் ஒன்றின் உச்சி தரையிலிருந்து ஏழெட்டு மீட்டர் இருக்கும். 100 மீட்டர் ஏற்றம் வேண்டுமென்றால் அதில் பதின்மூன்று பதினான்கு முறை ஏறி இறங்க வேண்டும். கேட்கச் சலிப்பாக இருந்தாலும் பெரம்பூரிலும் மூலக்கடையிலும் இருப்பவர்களுக்கு வாசலில் கிடைக்கும் மேடு அதுதான். ஆனால் நடைபாதை இல்லாத மேம்பாலத்தில் ஓடவே கூடாது, விடியற்காலையிலும் கூடாது. காலி லாரிகள் வேகம் எடுக்கும் நேரமே அது. நடைபாதை இருந்தால், எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி வலப்பக்கம் ஓடுங்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

மேம்பாலத்தைவிட நல்லது மாடிப்படி. ஒரு மாடிக்குச் சுமார் 3 மீட்டர் என்றால், ஐந்து மாடி 15 மீட்டர். ஏழு முறை ஏறினால் 100 மீட்டர் தாண்டிவிடும். மழை, நாய், லாரி எதுவும் இல்லை. அடுக்குமாடியில் தெரிந்தவர் இருந்தால் அனுமதி கேளுங்கள். காவலாளி அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் திருடன் என்று நினைத்து விசில் ஊத மாட்டார். ஐந்து மணிக்குத் தடதடவென்று ஓடாமல் மெத்தென்று காலை வையுங்கள். மேலே போனதும் லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள். நாம் வந்ததே இறங்கிப் பழகத்தான்.

மாதம் ஒரு ஞாயிறு உண்மையான குன்றுக்குப் போங்கள். கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் பரங்கிமலை. உச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. 130-க்கும் மேற்பட்ட படிகள். வண்டிகள் போக வேறொரு சாலையும் உண்டு. வழிபாட்டுக்கு வருகிறவர்களை இடித்துக்கொண்டு படியில் ஓடுவது அழகல்ல, சாலைப்பக்கம் ஏறி இறங்குங்கள். வியாசர்பாடி, பெரம்பூர்க்காரர்களுக்கு அரக்கோணம் தாண்டிப் போகும் திருத்தணி ரயில் இருக்கிறது. ஆண்டின் நாட்களைக் கணக்கிட்டு 365 படி என்று சொல்லப்படும் அந்தப் படிகளைப் பக்தர்களோடு பக்தராக நடந்தே ஏறி இறங்கினாலும் தொடைக்கு அது பயிற்சிதான். முருகனையும் பார்த்த மாதிரி ஆயிற்று.

பந்தயத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பு ஒத்திகை ஒன்று வேண்டும். என் பரிந்துரை ஏலகிரி. ஜோலார்பேட்டை போகும் ரயில்கள் சில பெரம்பூரிலேயே நிற்கும். மலையடிவாரத்தில் இருக்கும் ஊரின் பெயர் பொன்னேரி. கும்மிடிப்பூண்டி லைனில் இருக்கும் நம் பொன்னேரி என்று நினைத்துத் தவறான ரயில் ஏறிவிடாதீர்கள். அங்கிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ஏற்றம் முழுவதையும் நடங்கள், மேலே டீ குடியுங்கள், பிறகு நிதானமாக ஓடி இறங்குங்கள். மறுநாள் தொடை என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.

வாரம் நான்கு நாள்

செவ்வாய்: மேம்பாலமோ மாடியோ, முக்கால் மணி நேரம். வியாழன்: சமதரையில் எளிய ஓட்டம், ஒரு மணி நேரத்துக்குள். சனி: அரை மணி நேரம் மெதுவாக. ஞாயிறு: நீண்ட ஓட்டம். மற்ற மூன்று நாளில் ஒரு நாளாவது கால் வலுவுக்கு ஒதுக்குங்கள். வடசென்னையில் குத்துச்சண்டைக் கூடத்துக்குப் பஞ்சமில்லை. கயிறு தாண்டுவதும் தோப்புக்கரணமும் அங்கே அன்றாடப் பாடம். அந்தப் பயிற்சியாளர்கள் கால் வேலையைப் பற்றிச் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

ஞாயிறு ஓட்டத்தை வாரம் 2 கி.மீ. வீதம் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, மறுபடி கூட்டிக்கொண்டே போனால் பதினாறு வாரத்தில் 30, 32 கி.மீ. வந்துவிடும். அதற்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டாம். தூரத்தைவிட நேரம் முக்கியம்: நடை, தண்ணீர், ஓய்வு எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் காலில் நின்று பழகியவர் தயார். கடைசி மூன்று வாரம் படிப்படியாகக் குறைத்துவிடுங்கள். அந்த நாட்களில் கால் துடிக்கும், இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றும். கேரம் ஆடுங்கள்.

நீண்ட ஓட்டத்தை நாலரை மணிக்குத் தொடங்குங்கள். தொண்டையைக் கரகரக்க வைக்கும் நெடி மணலிப் பக்கமிருந்து வரும் நாளில் திசையை மாற்றுங்கள்: ராயபுரத்திலிருந்து ராஜாஜி சாலை, நேப்பியர் பாலம், மெரினா, கலங்கரை விளக்கம் என்று போய்த் திரும்பலாம்.

வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் திணறாமல் பேச முடிகிறதா? முடியாவிட்டால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் சரி.

இறங்கக் கற்றல்

ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது வகை வேலையில்தான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் அதிகமாக ஏற்படுகின்றன. வலி அப்போதே தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடந்துவரும் காம்ரேட்ஸ் ஓட்டத்தில், ஏறத்தாழ 90 கி.மீ. தூரத்தை ஓராண்டு மலையேறும் திசையிலும் மறு ஆண்டு இறங்கும் திசையிலும் ஓடுவது வழக்கம். இறங்கும் ஆண்டுதான் கால்களுக்குக் கொடியது என்று ஓடியவர்கள் பலரும் சொல்வார்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு முறை இறங்கி வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு சேதப்படுவதில்லை. ஏலகிரி ஒத்திகையை ஐந்தாறு வாரம் முன்பு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதன் பிறகு பந்தயம் வரை மாடி இறக்கத்தை விடாமல் வைத்துக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும்.

இறங்கும் முறை: பின்னுக்குச் சாய்ந்து குதிகாலை ஊன்றிப் பிரேக் போடுவதுதான் எல்லோருக்கும் தானாக வருவது. அதை மாற்ற வேண்டும். அடிகளைக் குட்டையாக்குங்கள், எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இடுப்பை மடிக்காமல் கணுக்காலிலிருந்து இலேசாக முன்னே சாயுங்கள். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருக்கட்டும். கைகளைப் பக்கவாட்டில் சற்று விரித்தால் தடுமாற்றம் குறையும். கண் காலடியில் இருக்கக் கூடாது; ஐந்தாறு மீட்டர் முன்னே பார்க்க வேண்டும். வேகம் கையை மீறுகிறது என்று தோன்றினால் சாலையின் அகலத்தில் இப்படியும் அப்படியுமாகக் குறுக்கே இறங்கலாம், வண்டி வராதபோது மட்டும்.

காலில் போடுவது

மலையில் கால்விரல் நகம் கறுத்துப்போவதற்கு இறக்கத்தில் விரல் ஷூவின் நுனியில் மோதுவதே காரணம். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போய் வாங்குங்கள். கணுக்கால் பக்கத்துக் கடைசித் துளையிலும் கயிற்றைக் கோத்து இறுக்கினால் கால் முன்னே வழுக்காது. நகத்தை நான்கு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். தார்ச்சாலைப் பந்தயத்துக்குச் சாதாரண ஓட்ட ஷூ போதும், மண்பாதைக்கு அடியில் பிடிப்புள்ளது வேண்டும். பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ‘அசல்’ ஷூவை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொடை இடுக்கு, அக்குள், மார்பு உராயும் இடங்களில் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின்.

வாயில் போடுவது

உடம்பில் சேமித்திருக்கும் மாவுச்சத்து மாரத்தான் முழுவதற்கும் போதாது. பலருக்கு 30 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் தீர்ந்துபோகும். எனவே பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும், நான்கைந்து பேரீச்சம்பழத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். விலையுயர்ந்த ஜெல் பாக்கெட்டை விரும்புகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம், நான் கடலை மிட்டாய்க் கட்சி. ஏற்றத்தில் நடக்கும்போது மெல்லுங்கள். இறங்கும்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, குமட்டல், குழப்பம், வலிப்பு வரை போகலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்தால் வீட்டு உப்புக்கரைசல் தயார். எலுமிச்சை பிழிந்தால் ருசி. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. மலையில் குளிர் அதிகம், ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி வரை வெப்பம் குறையும். நம் ஊர்ப் புழுக்கத்தில் குடித்த அளவு அங்கே தேவைப்படாது.

பந்தயத்தன்று புதிதாக எதையும் வயிற்றில் போடாதீர்கள். முந்தைய இரவு இட்லி, இடியாப்பம், ரசம் சாதம். பீச் ஸ்டேஷன் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்) தட்டு நிறைய பிரியாணியும் திரும்பி வந்த பிறகு. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதையும் விட்டுவிடுங்கள், நீர் குறைந்த உடம்பில் சிறுநீரகத்துக்கு அது கேடு.

அன்றைக்கு

முதல் நாள் மதியத்துக்குள் மலைமேல் இருங்கள். விடியற்காலை வளைவுகளில் வேனில் குலுங்கி வாந்தியெடுத்துவிட்டு மாரத்தான் தொடங்குவது கொடுமை. தொடங்கும்வரை போட்டுக்கொள்ள ஒரு பழைய ஸ்வெட்டர் வேண்டும். நாம் குளிர் தாங்காதவர்கள்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பறப்பார்கள். பறக்கட்டும். 1896-இல் ஏதென்ஸில் நடந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானே மேட்டுப் பாதைதான். முதலில் பாய்ந்து முன்னிலை வகித்த பிரெஞ்சுக்காரர் லெர்மூசியோ 32 கி.மீ. அருகே விலகினார், அவருக்குப் பின் முன்னிலைக்கு வந்த ஆஸ்திரேலியர் எட்வின் ஃபிளாக்கும் முடிக்கவில்லை. பின்னால் நிதானமாக வந்த தண்ணீர் சுமக்கும் தொழிலாளி ஸ்பிரிடான் லூயிஸ் வென்றார்.

முதல் ஏற்றம் வந்ததும் நடங்கள். முடியாமல் போன பிறகு நடப்பதற்கும், முடியும்போதே நடப்பதற்கும் கடைசி மணி நேரத்தில் பெரிய வேறுபாடு தெரியும். அடி குட்டையாக, கண் சில மீட்டர் முன்னே, செங்குத்தான இடத்தில் கையைத் தொடையில் ஊன்றி. கொண்டை ஊசி வளைவின் உள்வளைவு குறுகியது, ஆனால் செங்குத்து. வெளிவளைவு நீளம், ஆனால் சாய்வு இதமானது. போக்குவரத்தை நிறுத்தாத சாலை என்றால் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுநருக்கு உங்களைத் தெரியுமோ அந்தப் பக்கம்தான் சரி. குரங்கு இருக்கும் இடத்தில் கையில் பை தொங்கக் கூடாது, வாழைப்பழம் கண்ணில் படவே கூடாது.

காட்சி நன்றாக இருக்கும் இடத்தில் நில்லுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். ஒரு பள்ளத்தாக்கைப் பார்க்க இரண்டு நிமிடம் செலவிட்டால் எட்டு மணி நேரத்தில் எதுவும் குறையாது. சாலையோரம் நிற்கும் பெரியவருக்கு வணக்கம் சொல்லுங்கள். எதற்கு ஓடுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார், இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் அவரிடம் திருப்பிக் கேட்காதீர்கள். மலைக்காரரின் ‘இதோ பக்கத்தில்தான்’ என்பது ஐந்து கிலோமீட்டராகவும் இருக்கும். மிட்டாய் உறையைச் சட்டைப்பையில் போட்டுத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

மார்பு வலி, தலைசுற்றல், குழப்பம், வியர்வை திடீரென்று நிற்பது ஆகியவற்றில் எது வந்தாலும் உட்கார்ந்துவிடுங்கள், அருகில் உள்ள தன்னார்வலரை அழையுங்கள்.

பிறகு

முடித்ததும் பொத்தென்று உட்காராமல் கால் மணி நேரம் மெல்ல நடங்கள். ஈரச் சட்டையை மாற்றுங்கள். மலைக்காற்றில் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உப்புள்ள சாப்பாடு, மோர். அன்றே காரோ பைக்கோ ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள். ரயிலில் கீழ்ப் படுக்கை கேட்டு வாங்குங்கள், மேல் படுக்கையிலிருந்து இறங்குவது ஒரு தனிப் பந்தயமாகிவிடும்.

அடுத்த இரண்டு நாள் ரயில் நிலையப் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள், அது இயல்பு. அழுத்திப் பிசையும் மசாஜ் வேண்டாம், மெதுவான நடை போதும். சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ, கால் வீங்கிக் கடினமானாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ஒரு வாரம் ஓட்டமே கிடையாது. இரண்டாவது வாரம் அரை மணி நேரம், சமதரையில். ஷூவைக் கழுவி நிழலில் காய வையுங்கள், மொட்டைமாடி வெயிலில் வைத்தால் அடிப்பசை விட்டுவிடும்.